கை ஊன்றாமல் எழுவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். கழிவறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல்.

"தம்பி, கொஞ்சம் வாயேன். எழுந்திருக்க முடியல."

சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் கூப்பிட்டார். கதவைத் திறந்தேன். கைலியை ஒரு கையால் இழுத்துப் போர்த்தியபடி, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பிடித்து எழ அங்கே எதுவும் இல்லை.

குனிந்து அவர் தோளுக்கடியில் கை கொடுத்தேன். பாதி குனிந்ததும் என் இடுப்பில் கத்தி பாய்ந்ததுபோல் வலித்தது. அப்படியே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்மாவால் எழ முடியவில்லை. என்னால் நிமிர முடியவில்லை. கடைசியில் என் மனைவிதான் வந்து முதலில் அத்தையைத் தூக்கிவிட்டு, பிறகு என்னைத் திட்டினாள்.

"37 வயசு ஆளும் 66 வயசு ஆளும் ஒரே மாதிரி நிக்கிறீங்க."

என் முதுகு அப்படி ஆனதற்குக் காரணம் மூன்று நாள்களுக்கு முன் நான் காட்டிய வீரம். அதை அப்போது அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

80 கிலோவும் ஐந்தாவது முறையும்

நான் கிள்ளானில் இருக்கிறேன். வேலை பெட்டாலிங் ஜெயாவில். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் கணினி முன் எட்டு, ஒன்பது மணி நேரம், மாலையில் மீண்டும் அதே நெடுஞ்சாலை. வீட்டுக்கு வந்தால் சோபா. ஒரு நாளில் நான் நிற்கும் நேரம், மாமாக் கடையில் தே தாரிக் பொட்டலம் கட்டித் தரும்வரைதான்.

அலுவலகத்தில் இளைஞர்கள் சிலர் ஜிம்முக்குப் போக, நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. அவர்களில் ஒருவன் தோளுக்குப் பின்னால் பார்பெல்லை வைத்துக்கொண்டு 100 கிலோவோடு ஸ்குவாட் செய்வான். 'குந்தி எழுவதுதானே' என்று நினைத்தேன். அந்த வியாழக்கிழமை, 20 கிலோ கம்பியின் இரு பக்கமும் ஒரு 20, ஒரு 10 எனத் தட்டுகளை மாட்டினேன். மொத்தம் 80 கிலோ. அதற்கு முந்தைய வாரம் நான் தூக்கியது 55.

நான்கு முறை எழுந்துவிட்டேன். ஐந்தாவது முறை கீழே போனபோது குதிகால் தரையை விட்டு லேசாகக் கிளம்பியது தெரிந்தது. எழும்போது இடுப்பு முதலில் மேலே போனது. மார்பு கீழேயே நின்றது. கீழ் முதுகில் சூடாக ஏதோ பரவியது. கம்பியை எப்படியோ அதன் இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய், அப்படியே காருக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. 37 வயதில் வெட்கம் இப்படியெல்லாம் வேலை செய்யும்.

கழிவறைச் சம்பவத்துக்குப் பிறகுதான் கிளினிக் போனேன். டாக்டர் படுக்க வைத்து ஒவ்வொரு காலாக நேராகத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார், விரல் நுனியில் நடக்கச் சொன்னார். காலில் மரத்துப்போதல் உண்டா, பாதம் தொங்குகிறதா, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைகிறதா, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன்.

"இதில் ஏதாவது ஒன்று வந்தால் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இப்போது இருப்பது தசைப்பிடிப்பு. ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். முடிந்தவரை நடங்கள்" என்றார்.

முதுகு வலி என்றால் ஒரு வாரம் பாயில் படுத்துக் கிடப்பதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். அது பழைய முறை என்றும், நீண்ட ஓய்வு தசைகளை இன்னும் பலவீனமாக்கும் என்றும் அவர் சொன்னதை அம்மா நம்பவே இல்லை.

பக்கவாட்டில் எடுத்த வீடியோ

வலி குறைந்ததும் பிசியோவிடம் அனுப்பினார்கள். மலாய்ப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர் இருப்பார். இனி ஸ்குவாட் பக்கமே போகக்கூடாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, "எங்கே, எடை இல்லாமல் ஒரு தடவை குந்திக் காட்டுங்கள், அபாங்" என்றார். என் கைபேசியிலேயே பக்கவாட்டில் வீடியோ எடுத்துக் காட்டினார்.

பார்க்கச் சகிக்கவில்லை. பாதி தூரம்வரை முதுகு நேராக இருந்தது. அதற்குக் கீழே போனதும் இடுப்பெலும்பு உள்பக்கம் சுருண்டு, கீழ் முதுகு வில் போல் வளைந்தது. குதிகால் தூக்கியது. தலை முழங்காலைத் தாண்டி முன்னால் போனது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

குந்தும்போது நாம் கவிழாமல் இருக்க வேண்டுமானால் உடல், சுமை இரண்டும் சேர்ந்த பாரம் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கம்பி முதுகின் மேல் இருந்தால், அதைப் பாதத்துக்கு நேராகக் கொண்டுவர உடல் முன்னால் சாய்ந்துதான் ஆக வேண்டும். சாய்வு கூடக் கூட, கம்பிக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள தூரம் கூடும். தூண்டில் கம்பு நீளமாக இருந்தால் சின்ன மீனும் கனக்கும் அல்லவா, அதேபோல்தான். சுமை அதே 80 கிலோதான். ஆனால் கீழ் முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் முதுகு வளையவும் செய்தால், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளின் மேல் அழுத்தம் இன்னும் கூடும். இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. வட்டு பிதுங்குவது பெரும்பாலும் அவற்றின் கடைசி இரண்டு இடைவெளிகளில்தான்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1999இல் ஜெர்மனியின் ஊல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் கீழ் முதுகு வட்டுக்குள் சிறிய அழுத்தமானியைப் பொருத்தி அளந்திருக்கிறார்கள். சாதாரணமாக நின்றபோது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோ எடையை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. அதே 20 கிலோவை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான் என்றாலும், எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நம்பிக்கையில்லாவிட்டால் வீட்டில் இருக்கும் 10 கிலோ அரிசி மூட்டையை மார்போடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முதுகே பதில் சொல்லும்.

நாற்காலியில் ஆரம்பம்

முதல் இரண்டு வாரம் எனக்குக் கிடைத்த கருவி, சாப்பாட்டு மேசை நாற்காலி. அதன் முன்னால் நின்று, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பின்புறத்தை முதலில் பின்னால் அனுப்பி, நாற்காலியின் விளிம்பைத் தொட்டதும் எழ வேண்டும். பொத்தென்று விழக்கூடாது. விழுந்தால் அந்த அதிர்வு நேராக முதுகெலும்புக்குப் போகும். "முட்டை மேல் உட்காருகிற மாதிரி. பெலான்-பெலான்" என்றார் பிசியோ. 80 கிலோ தூக்கிய ஆள் நான். வெறும் உடம்போடு பத்து முறை மெதுவாக உட்கார்ந்து எழுந்ததும் தொடை நடுங்கியது.

நாற்காலியில் இன்னொரு நன்மை, ஆழத்துக்கு அது ஓர் எல்லை போடுகிறது. என் முதுகு எந்த இடத்தில் வளைய ஆரம்பிக்கிறதோ அதற்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுகிறேன். 'தரைவரை போனால்தான் ஸ்குவாட்' என்று ஜிம்மில் சொல்வார்கள். இடுப்பு எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. சிலர் தரைவரை போனாலும் முதுகு நேராகவே இருக்கும். எனக்கு இல்லை; அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் கையில் எடை வந்தது. ஒரு 8 கிலோ கெட்டில்பெல்லை இரண்டு கைகளாலும் கிண்ணத்தை ஏந்துவதுபோல் மார்புக்கு முன்னால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும். இதற்கு கோப்லெட் ஸ்குவாட் என்று பெயர். அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான் பரவலாக்கியது. எடை முன்னால் இருப்பதால் அது தராசின் மறு தட்டுபோல் வேலை செய்கிறது. பின்புறம் பின்னால் போனாலும் உடல் நிமிர்ந்தே இருக்கும். முன்னால் சாய்ந்தால் எடை கையிலிருந்து நழுவப் பார்க்கும். அதனால் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும். கையால் பிடிக்க முடிந்த அளவுதான் தூக்க முடியும் என்பதால், என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு அதுவே ஒரு கடிவாளம்.

குதிகால் தூக்கும் பிரச்சினைக்குக் காரணம் என் கணுக்கால். நாள் முழுக்கக் காலணியும் நாற்காலியுமாக இருந்து அது இறுகிப்போயிருந்தது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்கால் முன்னால் போகாது. முழங்கால் போகாவிட்டால் உடல் சாயும். அதனால் குதிகாலுக்கு அடியில் இரண்டு மெல்லிய தட்டுகளை வைத்துக்கொண்டு செய்தேன். அன்று எடுத்த வீடியோவில் முதன்முறையாக என் முதுகு மனிதன் முதுகுபோல் இருந்தது. கூடவே, தினமும் சுவரைப் பிடித்துக் கணுக்காலை மடக்கும் பயிற்சியும் செய்தேன். இப்போது தட்டு தேவைப்படுவதில்லை.

பிறகு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, நேராகக் கீழே இறங்கி எழுவது. ஸ்பிளிட் ஸ்குவாட். பார்க்க எளிது. ஆனால் சுமையில் பெரும்பகுதியை முன்கால் ஒன்றே தாங்குகிறது. இரு கைகளிலும் 10 கிலோ டம்பல் பிடித்துச் செய்தபோது தொடை எரிந்தது, முதுகுக்கு எந்தக் குறையும் இல்லை. காலுக்கு நிறைய வேலை, முதுகின் மேல் 20 கிலோ மட்டும். எனக்கு இது நல்ல வியாபாரமாகத் தெரிந்தது. வலி இருக்கும் நாள்களில் இதுவும் வேண்டாம். முதுகைச் சுவரில் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் 20 விநாடி நிற்பேன். சில ஜிம்களில் எடையை இடுப்பு வாரில் தொங்கவிட்டுக் குந்தும் இயந்திரம்கூட இருக்கிறது. சுமை இடுப்பிலிருந்தே தொங்குவதால் முதுகெலும்பின் மேல் அது ஏறுவதே இல்லை. எங்கள் பக்கத்து ஜிம்மில் அது இல்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இறங்கும் முன் யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் சுற்றிலும் இறுக்கிக்கொள்வது. இரண்டு, தூங்கி எழுந்த உடனே முதுகை வளைக்கும் வேலைகளோ கனமான பயிற்சியோ வேண்டாம். இரவில் முதுகு வட்டுகள் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பியிருக்கும். காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பதே அதனால்தான். கொஞ்ச நேரம் நடமாடிவிட்டு ஆரம்பிக்கலாம்.

முதுகிலிருந்து இறக்கிவைத்த சுமை எங்கேயும் காணாமல் போய்விடுவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. உடலை நிமிர்த்தி, குதிகாலை உயர்த்திக் குந்தும்போது வேலை முழங்காலுக்குக் கூடும். முழங்கால் வலி உள்ளவர் என்னைப் பார்த்து அப்படியே செய்யக்கூடாது. இதைச் சொன்னபோதுதான் எனக்கு அம்மா நினைவுக்கு வந்தார்.

"எனக்கா குந்தக் கற்றுத் தர்றே?"

அம்மா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலில் பால்மரக் காட்டில், பிறகு செம்பனையில். குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்குவதுதான் பல வருடம் அவர் வேலை. மரம் மரமாகக் குந்திக் குந்தி, பழத்தைக் கூட்டிச் சாக்கில் அள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தால் குந்தி உட்கார்ந்துதான் மீன் ஆய்வார், பாத்திரம் கழுவுவார், துணி துவைப்பார். லயத்தில் பெண்கள் ஊர்க்கதை பேசுவதும் குந்திக்கொண்டுதான். கழிவறையும் குந்துகிற கழிவறை. நான் பள்ளியில் சேட்டை செய்து, காதைப் பிடித்துக்கொண்டு கெத்தோக் கெத்தாம்பி போட்டுவிட்டு வந்தேன் என்று அழுதபோது, "இதுக்கா அழுதே? நான் ஒரு நாளைக்கு எத்தனை போடறேன் தெரியுமா?" என்று சிரித்தவர்.

2008இல் தாமான் வீட்டுக்கு வந்தோம். அம்மாவை இனிக் கஷ்டப்படவிடக் கூடாது என்று நான் ஒவ்வொன்றாக வாங்கினேன். நின்று சமைக்கும் அடுப்பு மேடை. துணிக்கு இயந்திரம். உட்காரும் கழிவறை. உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தென்ற சோபா. 17 வருடத்தில் அம்மா குந்துவது நின்றே போனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. முழங்கால் தேய்மானம் வந்த பிறகு, "இனிமே குந்த முடியாது" என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த முறை பிசியோவிடம் போனபோது அம்மாவையும் அழைத்துப் போனேன். அவருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலி, கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும், 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே. கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டார். முன்னால் அசைந்தார். பின்னால் சாய்ந்தார். ஒருமுறைகூட எழ முடியவில்லை. கை ஊன்றினால் கணக்கில் வராது. பூஜ்யம்.

அந்தப் பெண் எதுவும் எழுதாமல் கொஞ்ச நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் வரும்போது, "செருப்பு வழுக்குது, அதான்" என்றார். நானும் "ஆமாம்மா" என்றேன்.

மறுநாள் மாலை நாற்காலியை எடுத்துப் போட்டு, "வாங்கம்மா, எப்படி உட்காரணும்னு சொல்லித் தர்றேன்" என்றேன். கோபம் வந்துவிட்டது. "எனக்கா? எனக்கா குந்தக் கற்றுத் தர்றே? நீ பொறக்கறதுக்கு முந்தின நாள்வரை பழம் பொறுக்கினவ நான்."

மண்டோர் வேலை

பிசியோ சொன்னபடி நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினேன். உயரம் கூடினால் முழங்கால் குறைவாக மடங்கும், எழுவது எளிது. அம்மா எழ முடியாததற்குப் பாதிக் காரணம் முறைதான். சோபாவில் ஆழ உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, அப்படியே மேலே எழப் பார்ப்பார். முதலில் நாற்காலி விளிம்புக்கு நகர வேண்டும். பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை. அதன் பிறகு பாதத்தால் தரையை அழுத்தினால் உடம்பு தானாக எழும்பும். எனக்கு 'சாயாதே' என்று சொன்னவர் அம்மாவுக்குச் 'சாயுங்கள்' என்கிறாரே என்று கேட்டேன். சுமை இல்லாமல், நேரான முதுகோடு இடுப்பிலிருந்து சாய்வதில் தவறில்லை. சுமையோடு முதுகு வளைவதுதான் தவறு என்றார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதனால் மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது ஏதாவது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார் பிசியோ. அம்மா "முருகா" என்று சொல்லி எழ ஆரம்பித்தார். ஏழு மணி நாடகம் தொடங்கும் முன் எங்கள் வரவேற்பறையில் ஐந்து, ஆறு "முருகா" கேட்கும். என் மகளும் பக்கத்தில் நின்று சொல்வாள்.

மூன்று வாரம் நன்றாகப் போனது. பிறகு நான் என் வேலையைக் காட்டினேன். காலண்டரில் எண்ணிக்கை எழுத ஆரம்பித்தேன். "நேத்து எட்டு. இன்னிக்குப் பத்து பண்ணுங்க." தலையணையில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே நாளில் எண்ணிக்கையையும் ஏற்றினேன். மறுநாள் அம்மாவின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. "இன்னிக்கு வேண்டாம்" என்றார். "இப்படி விட்டா திரும்ப பூஜ்யத்துக்குப் போயிடுவீங்க" என்று குரலை உயர்த்தினேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தோட்டத்துல மண்டோர் இப்படித்தான் கத்துவான். வீட்டுலயும் ஒரு மண்டோர் வேணுமா எனக்கு?"

எழுந்து, கையை ஊன்றித்தான், தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் நாற்காலி சுவரோரம் கிடந்தது.

55 கிலோவிலிருந்து ஒரே வாரத்தில் 80க்குத் தாவி என் முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான். அதே காரியத்தை அம்மாவின் முழங்காலுக்கும் செய்திருக்கிறேன் என்று புரிய எனக்கு அந்த இரண்டு வாரம் தேவைப்பட்டது. வீக்கம் வடிந்த பிறகு தலையணையைத் திரும்ப வைத்தேன். காலண்டரில் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தேன். அம்மாவை அழைக்கவில்லை. நான் மட்டும் நாடகத்துக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாம் நாள் அம்மா சோபாவிலிருந்தே, "காலை இன்னும் பின்னால இழு" என்றார். ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு எண்ணிக்கையை அவரே வைத்துக்கொண்டார். முழங்கால் சரியில்லாத நாளில் மூன்று. நல்ல நாளில் பத்துக்கும் மேல். எனக்குச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

இப்போது

எட்டு மாதம் ஆகிறது. என் கையில் இப்போது 24 கிலோ கெட்டில்பெல். வாரத்தில் இரண்டு நாள் கோப்லெட், ஒரு நாள் ஸ்பிளிட் ஸ்குவாட். பார்பெல்லைத் திரும்ப முதுகில் ஏற்றவில்லை. அது தவறான பயிற்சி என்று சொல்ல மாட்டேன். 100 கிலோ தூக்கும் அந்தத் தம்பி இன்றும் நேர்த்தியாகச் செய்கிறான். அதற்காக அவன் நான்கு வருடம் படிப்படியாக உழைத்திருக்கிறான். எனக்கு அது தேவையில்லை என்பதுதான் என் முடிவு. ஈப்போவரை கார் ஓட்டினால் இன்னும் முதுகு முணுமுணுக்கத்தான் செய்கிறது. தஞ்சோங் மாலிமில் நிறுத்திக் கொஞ்சம் நடந்துவிட்டுப் போகிறேன்.

அம்மா நாற்காலியில் இப்போது தலையணை இல்லை. கழிவறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்திவிட்டோம். ஈரத்தில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள அது வேண்டும். கடந்த மாதம் பிசியோவிடம் அதே 30 விநாடிச் சோதனை வைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒன்பது முறை எழுந்தார். "இன்னும் இரண்டு குறையுது" என்று அம்மாவே சொன்னார். அந்தப் பெண் இந்த முறை உடனே எழுதிக்கொண்டார்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் சோபாவில் கையை ஊன்றி எழும் அம்மாவோ அப்பாவோ இருக்கலாம். அவர்களுக்கு வலி எங்கே என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பிறகு ஒரு நாற்காலியைச் சுவரோரம் நகராமல் போடுங்கள். நீங்களும் கூடச் சேர்ந்து உட்கார்ந்து எழுங்கள். மண்டோர் மட்டும் ஆகிவிடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தாமான் கோவிலுக்குப் போனோம். பல வருடமாக அம்மா பிள்ளையார் முன்னால் காதை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று காதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பாதத்தை அகட்டினார். பின்புறத்தைப் பின்னால் அனுப்பி, முதுகு வளையாமல், கால்வாசி தூரம் இறங்கி எழுந்தார். மூன்று தோப்புக்கரணம். பக்கத்தில் இருந்த கம்பியை அவர் தொடவில்லை. என் கை மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

"முழுசா குந்தலைன்னு சாமி கோவிச்சுக்குமா பாட்டி?" என்று மகள் கேட்டாள்.

"என் முட்டி எப்படின்னு அவருக்குத் தெரியும்" என்றார் அம்மா.